ஒரு மடிக்கு மூன்று பிள்ளை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அச்சடித்த கலியாணக் கார்டுகளைக் கொடுப்பதற்காகச் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையொன்றில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தது. மர்ஹூம் ஆதம்பாவாவின் மகளும் மர்ஹூம் மீராலெவ்வையின் மனைவியுமான சித்தி பல்கீஸ் காலமானார், பகல் ளுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். கடையில் இருந்த எல்லோரையும் போல நானும் ‘இன்னாலில்லாஹி’ சொன்னேன். யாரோ ஒரு வயதான பெண் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது ரொட்டிக்குச் சம்பல் கேட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்து, அந்த ஊரில் பழகிய நஸீமா தொலைபேசியில் அழைத்தாள். “காக்கா, தொட்டில் ராத்தா மௌத்தாப் போயிட்டா. கேள்விப்பட்டீங்களா?”

கேள்விப்பட்டேன். இந்த இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் சம்பல் வாங்கித் தின்றேன். ஊருக்கே அவர் தொட்டில் ராத்தா, தொட்டில் அக்கா; யார் அவரைப் பல்கீஸ் என்று கூப்பிட்டார்கள்? இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவையாவது கேட்டிருப்பேன், மறந்திருப்பேன். அறிவித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மகள், மனைவி என்று முறைப்படிதான் சொன்னார்கள். இன்னாருடைய உம்மா என்று சொல்ல அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் எங்கெங்கோ போய்விட்டீர்கள். தையல் நிலையத்திலிருந்தும் நெல் ஆலையிலிருந்தும் மீன் வாடியிலிருந்தும் பகல் இடைவேளையில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, கை கழுவி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிய பெண்கள் நீங்கள். கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில், கூரை வளையில் ஒன்பது தொட்டில் தொங்கிய ராத்தாவின் வீட்டை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பகலில் அங்கே பிள்ளை விட்டவர்களில் நான் ஒருவன்தான் ஆண். அதனால் என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மருதமுனைக்காரன். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். அப்படித்தான் சாய்ந்தமருதுக்கு வந்தேன். என் மனைவி றமீஸா பிள்ளை பெற்ற ஆறாம் நாள் மௌத்தானாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் நான் யார்? விருந்தாளி. நாற்பது நாள் வரை மரியாதையாக வைத்திருந்தார்கள். பிறகு மாமி, அதாவது றமீஸாவின் உம்மா, பள்ளிவாசலில் பேச்சை எடுத்தார். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது, அது தன்னோடு இருக்கட்டும், மருமகன் தன் ஊருக்குப் போகட்டும் என்பது அவருடைய கட்சி. கெட்ட மனுசி என்று நினைத்துவிடாதீர்கள். மகளைப் பறிகொடுத்தவர், மகள் விட்டுப்போனதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தார்.

நான் கல்முனையில் அச்சகமொன்றில் நாட்கூலி. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவேன். பள்ளிவாசல் காரியாலயத்தில் தீர்ப்புச் சொல்லும் மரைக்கார் கேட்டார், “தம்பி, பச்சப் புள்ளைய வெச்சிக்கிட்டு ஆம்பள ஒராள் என்ன செய்யிற? மாமிட கையில இரிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு வந்து பாத்துட்டுப் போங்களன்.” அவர் கேட்டதில் பிழை இல்லை. பகலில் பிள்ளையை விட்டுப் போக எனக்கு யாரும் இல்லை. ஆள் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் என் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. “பகலைக்கு நான் பாத்துக்கிறன். ராவைக்கு வாப்பா பாக்கட்டும். ஆறு மாசம் குடுத்துப் பாருங்க. ஏலாட்டி நானே கொண்டுவந்து மாமிட கையில குடுக்கன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி, நல்ல உயரமான ஒரு பெண் வெளியே நின்றார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மரைக்காருக்குக் கோபம். “ஒங்களுக்கு இதில என்ன சம்பந்தம்?” என்றார். “ஒரு சம்பந்தமும் இல்ல. புள்ளைக்கு உம்மா இல்லாமப் போனா வாப்பாவும் இல்லாமப் போகணும் எண்டு எங்கயாச்சும் எழுதிக் கிடக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். மரைக்கார் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு ஆறு மாதம் என்று தீர்ப்பானது; நான் அந்த ஊரிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன்.

அவர்தான் தொட்டில் ராத்தா. அடுத்த நாள் பிள்ளையோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஸைனப் அப்போது ஒரு துணி மூட்டையளவுதான் இருந்தாள். தொட்டிலில் விரிக்க வீட்டில் உடுத்த பழந்துணி ஒன்று கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பியிருந்தார். நான் றமீஸாவின் சேலையைக் கொண்டுபோனேன். ராத்தா அதை வாங்கி, மெதுவாக மடித்து, திருப்பி என் கையிலேயே வைத்தார். “இத நீங்க வெச்சிக்கங்க தம்பி. புள்ளைக்கு இனி ஒங்கட வாசம்தான் பழகணும். ஒங்கட சட்டையொண்டு தாங்க.” என் சட்டை எல்லாம் அச்சு மை மணம். “அது பரவாயில்ல. மையும் வாப்பாட வாசம்தானே” என்றார். அந்த ஒழுங்கையில் நின்று நான் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். பரவாயில்லை.

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். மாதத்தில் இரண்டு நாள் கூலி என்றார். எல்லோருக்கும் அதே கணக்குத்தான். மீன் வாடியில் வேலை செய்பவளுக்கு அவளுடைய இரண்டு நாள் கூலி, பாடசாலை ஆசிரியைக்கு அவருடைய சம்பளத்தில் இரண்டு நாள். மீதிக்கு அவருடைய மௌத்தான கணவரின் வயலிலிருந்து வரும் நெல் இருந்தது. ஆசிரியை ஒருவர் ஒருநாள் என் முன்னாலேயே முறைப்பட்டார். “நான் குடுக்கிறது எவ்வளவு, அவ குடுக்கிறது எவ்வளவு? ரெண்டு புள்ளைக்கும் ஒரே பாய்தானே ராத்தா?” ராத்தா சிரித்தார். “ஓம் டீச்சர், ஒரே பாய்தான். ஒங்கட ரெண்டு நாளும் அவட ரெண்டு நாளும் ஒரே ரெண்டு நாள்தானே?” டீச்சர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே பிள்ளையோடு வந்து நின்றார். ஏன் வரமாட்டார்? அந்த மாதிரிக் கவனிப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ராத்தாவின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு மடிக்கு மூன்று பிள்ளை. அவரும் உதவிக்கு இருந்த இரண்டு பெண்களுமாக மூன்று மடி, ஒன்பது பிள்ளை. பத்தாவது பிள்ளைக்கு யார் வந்து கெஞ்சினாலும் இடமில்லை. வெளியூர் நிறுவனமொன்று வந்து, நாற்பது பிள்ளைக்குக் கட்டிடம் கட்டித் தருகிறோம், புதிய விளையாட்டுச் சாமான் தருகிறோம் என்று ஆசை காட்டியது. “கட்டிடம் கிடக்கட்டும். மடி எத்தனை தருவீங்க?” என்று கேட்டார். வந்தவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கே அன்று அவர்மேல் எரிச்சல்தான். நாற்பது ஏழைப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதை இந்த மனுசி ஏன் கெடுக்கிறார் என்று வீட்டில் போய்த் தனியாகத் திட்டினேன். பிறகு ஒரு பகல் அங்கே இருந்து பார்த்தேன். மூன்று பிள்ளை ஒரே நேரத்தில் அழுதால் ஒரு பெண்ணுக்கு இரண்டு கை எப்படிப் போதாமல் போகிறது என்று தெரிந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு மாதத் தவணைக்குள் ஒரு விபரீதம் நடந்தது. ஸைனபுக்கு மூன்று மாதம். அறுவடைக் காலம், ராத்தா வயல் பாகம் வாங்க ஒரு கிழமை, ஏழு நாள், போயிருந்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் போத்தல் பாலைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நஸீமா என்று சொன்னேனே, அவள் தையல் நிலையத்தில் வேலை செய்தாள். மகன் அஸ்லமுக்குப் பால் கொடுக்கப் பகலில் வருவாள். பச்சைப்பிள்ளை கத்துவதைத் தாங்காமல் என் மகளையும் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் இல்லை, ஆறு நாள். அங்கே இருந்த பெண்களும் பாவம் என்று பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியும், ஐந்து தரம் வயிறாரக் குடித்தால் மார்க்கப்படி பால் கொடுத்தவள் தாய், அவள் பெற்றவை கூடப்பிறந்தவை, அவர்களுக்குள் கலியாணம் கூடாது. திரும்பி வந்த ராத்தா, நஸீமா வாசலில் கால் வைத்ததும் ஸைனப் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்ததைக் கண்டார். கேட்கவே இல்லை, விளங்கிக்கொண்டார். நஸீமா அழத் தொடங்கினாள். “பால் குடுத்தது நன்மை புள்ள. மறைச்சதுதான் பிழை” என்றார். அன்றைக்கே இரண்டு குடும்பத்துக்கும் ஆள் அனுப்பினார். ஒரு கிழமை பொறுத்துச் சொல்வோமே, மாமிக்கு இப்போது தெரிந்தால் என் கதை முடிந்தது என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. “இருவது வருசத்தில இந்த ரெண்டுக்கும் ஒரு கலியாணப் பேச்சு வந்து, அப்ப சொல்லுறதுக்கு நாம ஆரும் இல்லாட்டி? இண்டைக்கே சொல்லணும் தம்பி.”

நான் பயந்தபடியேதான் நடந்தது. அடுத்த நாள் காலையில் மாமி பிள்ளையை எடுத்துப்போக வந்துவிட்டாராம். எனக்கு அச்சகத்துக்குச் செய்தி வந்தபோது மதியம். முதலாளியிடம் சொல்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு, தொட்டில் வெறுமையாகத்தான் இருக்கப்போகிறது. ராத்தா மாமியிடம் சொன்னதைப் பிறகு நஸீமா வாயால்தான் அறிந்தேன். “பிழை என்ட. நான் வயலுக்குப் போயிரிக்கக் கூடாது. கொண்டு போறதெண்டா கொண்டு போங்க, தடுக்க மாட்டன். வந்த நீங்க கொஞ்சம் இரிங்க. ஒங்கட பேத்தி இஞ்ச எப்பிடி இரிக்கா எண்டு பாத்துட்டுக் கொண்டு போங்க.” மாமி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். குளிப்பாட்டுவதைப் பார்த்திருக்கிறார், பால் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறார், துணி மாற்றுவதைப் பார்த்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமி இன்னும் அங்கேதான் இருந்தார். ஒரு தொடையில் ஸைனப், மறு தொடையில் அஸ்லம், இரண்டும் நல்ல தூக்கம். என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவனும் இப்ப நமக்குச் சொந்தம்தானே” என்றார். பிறகு, “பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிந்த வேணாம் மருமகன். புள்ள தேடுது” என்றார். அவ்வளவுதான். ஆறு மாதக் கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயே திறக்கவில்லை.

ஸைனபுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அச்சகம் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. கூலி இல்லை. கூலி இல்லாதவன் எந்த முகத்தோடு பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது? வெட்கத்தில் பிள்ளையை வாடகை அறையிலேயே வைத்துக்கொண்டேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போனேன். பிள்ளையைப் பார்த்ததுமே, பிறகு வாங்க தம்பி என்றார்கள். ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் குடையோடு ராத்தா வந்து வாசலில் நின்றார்.

“ஏன் புள்ளையக் கொண்டுவரல்ல?”

“கூலி இல்ல ராத்தா.”

“கூலி இல்லாட்டி ரெண்டு நாள் கூலி எவ்வளவு?”

நான் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினேன்.

“சைபர்தானே? அந்த சைபரைக் கொண்டுவந்து கட்டுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். மறுகா, வேலை தேடுறதுக்கு ரெண்டு கையும் வேணும்” என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மூன்று மாதமும் சைபர்தான் கட்டினேன். அந்த மூன்று மாதத்தில் என்னோடு அவர் பேசிய பேச்சில் ஒரு மாற்றம் இருந்ததா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், இல்லை. பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் அதே ஏச்சுத்தான் கிடைத்தது.

மூன்று வயது முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ராத்தாவைப் பார்க்க நான் மட்டும் போய்வந்தேன்; முதலில் மாதம் ஒரு தடவை, பிறகு பெருநாளுக்குப் பெருநாள், பிறகு சாய்ந்தமருதில் வேலை இருந்தால் என்று ஆகிப்போனது. நம் எல்லோருடைய கதையும் இதுதானே? பிள்ளைக்கு மூன்று வயதானால் அந்த ஒழுங்கைக்குள் போக நமக்கு என்ன வேலை?

கடைசியாகப் போனது ஒரு வருடத்துக்கு முன். ராத்தாவுக்கு முழங்கால் முடியாமல் போய் அந்த இடத்தை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. உதவிக்கு இருந்த பெண்களில் ஒருத்தி குவைத்துக்குப் போய்விட்டாள், மற்றவள் மகள் வீட்டோடு. கூரை வளையில் கொக்கிகள் மட்டும் தொங்கின. முன்பு அந்த வீட்டில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அன்று சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார், “ஸைனப் இன்னும் இடப்பக்கம் சரிஞ்சுதானா தூங்குறா? காதைப் பிடிச்சிக்கிட்டு?” பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓம் என்று சொல்லிவைத்தேன். புறப்பட எழுந்தபோது, “இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே தம்பி” என்றார். அச்சகத்தில் வேலை கிடக்கிறது என்றேன். அப்படித் தலைபோகிற வேலை ஒன்றும் கிடக்கவில்லை. அந்த வீட்டின் சத்தமின்மை என்னால் தாங்க முடியாததாக இருந்தது, அவ்வளவுதான். அதில் அவரை உட்காரவைத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனாஸாத் தொழுகையில் மூன்று வரிசை நிறையவில்லை. மையித்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வாங்கியபோது பக்கத்தில் இருந்த இளைஞன், ராத்தாவின் தங்கை மகனாக இருக்க வேண்டும், “நீங்க ஆரு? சொந்தமா?” என்று கேட்டான். “இல்ல மகன். புள்ள விட்டவன்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் மடியில் கிடந்த பையன்கள் இன்று முப்பது வயது வரை இருப்பார்கள், இந்தக் கடற்கரை ஊர்கள் முழுக்க இருப்பார்கள். அங்கே வந்திருந்தவன் அஸ்லம் ஒருவன்தான். அவனும் உம்மா ஏசி அனுப்பியதால் வந்தவன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டில் பேச வேறு யாரும் இல்லை.

“தொட்டில் ராத்தா மௌத்தாப் போயிட்டா மகள்.”

அவள் கேட்டாள், “ஆரு வாப்பா அவங்க?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. “மூணு வருசம் அவட மடியில கிடந்து வளந்துட்டு ஆரெண்டா கேக்கிறாய்?” என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள். “எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையே, என்ன செய்ய?” என்றாள்.

உண்மைதானே. அந்த வயதை எந்தப் பிள்ளை நினைவில் வைத்திருக்கும்? ஒரு பிள்ளைக்கு ஆள் மிகவும் தேவைப்படுகிற வருடங்களும், பிள்ளை முற்றாக மறந்துபோகிற வருடங்களும் ஒன்றுதான். ராத்தா அந்த வருடங்களைத்தான் பார்த்துக்கொண்டார். நாங்களாவது சொல்லியிருக்க வேண்டும். மாமியோடு அவளுக்கு மனக்கசப்பு வந்துவிடக்கூடாது என்று பள்ளிவாசல் கதையை நான் மறைத்தேன். அஸ்லம் பால்குடிக் காக்கா, பால்வழி அண்ணன் என்பது அவளுக்குத் தெரியும், அது எந்த வீட்டில் நடந்தது என்று தெரியாது. இத்தனை வருடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். மரைக்கார் கேட்ட கேள்வி, ஜன்னலுக்கு வெளியே வந்த குரல், மை மணத்த என் சட்டை, சைபர், எல்லாம். பிறகு இருவரும் ராத்தாவுக்காக இறைவனிடம் துஆக் கேட்டோம். தொலைபேசியை வைத்த பிறகு அவள் முதலில் கேட்டது மறுபடி காதில் வந்தது. அவர் யாரென்றே தெரியாத பிள்ளை, அதைக் கேட்கும்போதும் என்னை வாப்பா என்றுதான் கூப்பிட்டாள். ராத்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சொல்லைத்தான்.